எல்லாரையும் கேட்டவர்

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்த பெண்களிடம் அவரைப் பற்றிக் கேட்டால் இன்றைக்கும் நல்லதாகத்தான் சொல்வார்கள். "அந்தம்மா மாதிரி வருமா? பொம்பளைங்கள உக்கார வெச்சி ஒவ்வொருத்தியா கேட்ட ஒரே மேஸ்திரி அதுதான்" என்று போன வருடம்கூட ஒரு கல்யாண வீட்டில் ஒருத்தி என்னிடம் சொன்னாள். நான் பாயசத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். அவர் கேட்ட கேள்விகளை மூன்று வருடம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள் நான். அவற்றை நினைத்தால் எனக்கு இப்போதும் காது சூடாகிறது.

அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கலாம். எங்கள் எல்லோரையும்விட உயரம். வெயிலுக்கும் உப்புக்கும் பயந்து நாங்கள் எல்லோருமே புடவைக்கு மேலே ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை போட்டிருப்போம். எங்கள் சட்டைகள் வீட்டு ஆண்கள் போட்டுக் கிழித்து எறிந்தவை. அவருடையது மட்டும் மணிக்கட்டுவரை பொத்தான் போட்ட, துவைத்து மடித்த வெள்ளைச் சட்டை. பேசும்போது எதிரில் இருப்பவளின் முழங்கையைத் தொட்டுக்கொண்டே பேசுவார். குரல் உயராது. அவர் வாயிலிருந்து ஒரு வசவு வந்து நான் கேட்டதில்லை. அதுதான் கஷ்டம். திட்டுகிறவளாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன்.

நான் அவர் செட்டில் வேலைக்குச் சேர்ந்தது 2004ஆம் வருடம், மாசி மாதம். பிளஸ் டூ முடித்திருந்தேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் வேறு வழியில்லாமல் கூடையைத் தூக்கினேன். ஆண்கள் பாத்திக்குள் இறங்கி உப்பை வாரி வரப்போரம் குவிப்பார்கள். நாங்கள் பதினெட்டுப் பெண்கள் அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்துபோய் ரோட்டோரம் இருக்கும் அம்பாரத்தில் கொட்ட வேண்டும். எங்களுக்கு அவர் மேஸ்திரி. யார் எந்தப் பாத்தியிலிருந்து சுமப்பது, யாருக்கு லீவு, யார் லாரிக்கு லோடு ஏற்றுவது, எல்லாம் அவர் கையில்.

அவருக்கு முன்னால் இருந்த மேஸ்திரி ஓர் ஆண். விரலை நீட்டி, "நீ அங்க, நீ இங்க" என்பானாம். எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் மறுநாள் வேலை கிடையாது. இவர் வந்ததும் அதை மாற்றினார். தினமும் காலை பத்து மணிக்குக் கூழ் குடிக்கிற நேரத்தில் கொட்டகை நிழலில் எல்லோரையும் வட்டமாக உட்காரச் சொன்னார். "நான் ஒருத்தியா எதையும் முடிவு பண்ண மாட்டேன். மனசுல இருக்கறத சொல்லிடுங்க. உள்ள வெச்சிக்காதீங்க."

நான் சேர்ந்த மூன்றாவது நாள் என் முழங்கையைத் தொட்டு, "நீ படிச்ச பொண்ணு. நீ இன்னா நெனைக்கிற?" என்று கேட்டார். எதைப் பற்றிக் கேட்டார் என்பதுகூட இப்போது ஞாபகம் இல்லை. அதுவரை வீட்டிலோ பள்ளிக்கூடத்திலோ யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் அதையே மூன்று தரம் சொன்னேன். அந்தப் பத்தொன்பது வயசுப் பெண்ணை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

கழுவெளி ஏரிப் பக்கம் இருந்த கடைசிப் பாத்திகளிலிருந்து சுமப்பது எல்லோருக்கும் பயம். ரோட்டிலிருந்து வெகுதூரம். வரப்பு குறுகல், வழுக்கும். கால் வெடிப்புகளில் உப்புத் தண்ணீர் ஏறினால் அன்றைக்கு முழுக்க எரியும். எப்போது பார்த்தாலும் அங்கே அதே ஆறு பேர்தான் அனுப்பப்பட்டார்கள். நான் ஒரு யோசனை சொன்னேன். பதினெட்டுப் பேரும் ஆறு ஆறு பேராகப் பிரிந்து வாரம் ஒரு கூட்டம் போகலாம். யாருக்கு எந்த வாரம் என்று நான் அட்டையில் எழுதிக் கொட்டகையில் மாட்டுகிறேன்.

"பாத்தீங்களா, படிப்புன்னா இதுதான்!" என்றார். எல்லோரையும் கைதட்டச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பிறகு ஒவ்வொருத்தியாகக் கேட்க ஆரம்பித்தார். முதலில் கேட்டது ரோட்டோரப் பாத்தியில் சுமப்பவர்களை. "எங்களுக்கு இப்ப இருக்கறதே பழகிடுச்சுக்கா" என்றார்கள். அவர்கள் வேறு எதைச் சொல்வார்கள்? அப்புறம் கடைசிப் பாத்திக்காரிகளில் ஒருத்தியைக் கேட்டார். ஆறு பேரில் வாயே திறக்காத ஒருத்தியாகப் பார்த்து.

"உனக்கு இன்னா, ரொம்ப கஷ்டமா இருக்குதா?"

"அப்படிலாம் ஒண்ணுமில்லக்கா."

என் பக்கம் திரும்பினார். கை முழங்கைக்கு வந்துவிட்டது. "அதாவது, நீ இன்னா சொல்ல வர்றேன்னா, யாருக்கும் மனக்கஷ்டம் இருக்கக் கூடாது. அதானே?"

"ஆமாக்கா, ஆனா…"

"கஷ்டம் ஒண்ணுமில்லன்னு அவங்களே சொல்லிட்டாங்களே கண்ணு. அப்போ எல்லாரும் சேந்து சொன்னபடி, இப்போதைக்குப் பழையபடியே இருக்கட்டும்."

நானும் தலையாட்டினேன். கூடையைத் தூக்கிக்கொண்டு வரப்பில் பாதி தூரம் நடந்த பிறகுதான் நடந்தது புரிந்தது. எனக்குப் பின்னால் கன்னியம்மா வந்துகொண்டிருந்தாள். அவளும் கடைசிப் பாத்திக்காரிதான். எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளி இருந்தவள், என்னைவிட இருபது வயது மூத்தவள்.

"இன்னாடி, உன் யோசனை ஜெயிச்சிடுச்சா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

"ஏன் அத்தை நீங்க ஒண்ணும் சொல்லல?"

"கூழ் குடிக்க நெழல்ல உக்கார வுடுதே, அது போதும். கேக்கட்டும், கேட்டுட்டுப் போகட்டும்."

கன்னியம்மா அப்படித்தான். ஊரில் அவள் வீட்டு விஷயம் ஒன்றுகூட யாருக்கும் தெரியாது. கணவர் பெங்களூரில் வேலை செய்கிறார் என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

ஆடி மாதம் எங்கள் ஊர் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவதற்கு ஒருநாள் லீவு. எந்த வெள்ளிக்கிழமை என்று அவர் எங்களைக் கேட்டார். நாங்கள் அரைமணி நேரம் அடித்துக்கொண்டோம். ஒருத்திக்கு முதல் வெள்ளி, ஒருத்திக்குக் கடைசி. அவர் பொறுமையாக எல்லோருக்கும் காது கொடுத்து, இவள் சொன்னதை அவளுக்கு விளக்கி, அவள் சொன்னதை இவளுக்கு விளக்கி, கடைசியில் மூன்றாவது வெள்ளி என்று நாங்களே சொல்லும்படி கொண்டுவந்து நிறுத்தினார். சந்தோஷமாக எழுந்தோம். மறுநாள் லாரி டிரைவர் சொன்னார்: "உங்க மேஸ்திரி போன வாரமே சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டாங்களே, மூணாவது வெள்ளி வண்டி வாணாம்னு."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். "கெட்டிக்காரி" என்றார்கள். நானும்தான் சிரித்தேன். லீவு எந்த வெள்ளியாக இருந்தால் என்ன? அந்த அரைமணி நேரம் நாங்கள் தொண்டை கிழியப் பேசியதெல்லாம் எதற்கு என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவளாகிவிடுவேன். அந்த மார்கழியில் கடல் ஏறி வந்து உப்பளமெல்லாம் சேறாகி, அதை வாரி எடுத்து, 2005இல் வேலை தாமதமாகத்தான் தொடங்கியது. வைகாசி வெயிலில் ஒருநாள் லோடு ஏற்றிக்கொண்டிருந்தபோது லாரி பின்னால் நகர்ந்து கன்னியம்மாவை இடித்துத் தள்ளிவிட்டது. அம்பாரத்தின் மேல் விழுந்ததால் பிழைத்தாள். எழுந்திருக்க முடியவில்லை. டிரைவர் இறங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் முதலாளிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். முதலாளி சொல்லாமல் வண்டியை அனுப்ப முடியாது என்றார்.

மேஸ்திரி போனைப் பிடுங்கவில்லை, கத்தவில்லை. நேராகப் போய் லாரிக் கதவைத் திறந்தார். "ஏம்பா, கீழ எறங்கி அந்தக் கால புடி" என்றார் டிரைவரிடம். கன்னியம்மாவைத் தூக்கித் தன் மடியில் படுக்கவைத்துக்கொண்டு பாதி உப்போடு லாரியை ஆஸ்பத்திரிக்கு ஓட்டச் சொன்னார். சூப்பர்வைசர் ஓடி வந்து, "யாரக் கேட்டு வண்டிய எடுக்கற?" என்று கேட்டார்.

"நான்தான் எடுக்கறேன். முதலாளி கேட்டா என் பேர சொல்லு."

ஆக, அந்த மனுஷிக்கு முடிவு எடுக்கத் தெரியும். நான் எடுத்தேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லவும் தெரியும். தெரியாதவராக இருந்திருந்தால் நான் இத்தனை வருடம் கோபப்பட்டுக்கொண்டிருக்க மாட்டேன்.

கன்னியம்மா இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். இடுப்பு பழையபடி நிமிரவில்லை. மற்றவர்கள் நாலு நடை நடந்தால் அவள் மூன்று நடை நடப்பாள்.

அந்த வருடக் கடைசியில் பெய்த மழை மறக்க முடியாத மழை. வரப்புகள் உடைந்து, கடைசிப் பாத்திகள் இருந்த இடமே தெரியவில்லை. 2006இல் மாசி பிறந்து நாங்கள் வேலைக்குப் போனபோது, அந்தப் பக்கத்தில் இந்த வருடம் உப்பு எடுக்கப்போவதில்லை என்று முதலாளி முடிவு செய்திருந்தார். அதனால் சுமக்கப் பன்னிரண்டு பேர் போதும். இது அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. மேஸ்திரிக்குத் தெரியும்.

ஒருநாள் மத்தியானம் எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு என்னை மட்டும் இருக்கச் சொன்னார். அவருக்கு எழுதத் தெரியாது. கொட்டகையில் உட்கார்ந்து ஒரு நோட்டை என்னிடம் நீட்டினார்.

"நான் சொல்ற பேர எழுதிக்கோ. சும்மா ஒரு குறிப்புக்குத்தான்."

"எதுக்குக்கா?"

"வேலைய கொறைக்கறாங்களாம். பன்னெண்டு பேருதானாம். நாளைக்கு எல்லாரையும் கேப்போம். அதுக்கு முன்னாடி நமக்கு ஒரு கணிப்பு வேணாமா?"

எழுதினேன். ஐந்தாவது பெயர் என்னுடையது. உண்மையைச் சொல்கிறேன், அதை எழுதியபோது எனக்கு மூச்சு லேசானது. அதற்குப் பிறகு வந்த பெயர்களை நிம்மதியாக எழுதினேன். பன்னிரண்டாவது பெயருக்கு வந்ததும் அவர் நிறுத்தினார். கழுவெளிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கன்னியம்மா" என்றார். எழுதினேன். கொஞ்ச நேரம் கழித்து, "வாணாம், அடிச்சிடு" என்றார். அடித்தேன். அதன் மேலே அவர் சொன்ன வேறொரு பெயரை எழுதினேன். சின்ன வயசுப் பெண், நன்றாகச் சுமப்பாள். அவர் அந்தத் தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். போகும் வழியில் அதை சூப்பர்வைசரிடம் கொடுத்ததையும் நான் பார்த்தேன். பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். கன்னியம்மா வாசலில் உட்கார்ந்து கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். "இன்னாடி இவ்ளோ நேரம்?" என்று கேட்டாள். "சும்மாதான் அத்தை" என்றேன்.

மறுநாள் பத்து மணிக்கு வட்டமாக உட்கார்ந்தோம். அவர் விஷயத்தைச் சொன்னார். பன்னிரண்டு பேருக்குத்தான் வேலை. யார் இருப்பது, யார் நிற்பது என்பதை நாமே பேசி முடிவு செய்வோம். "வெளியில இருந்து ஒருத்தன் வந்து கைய காட்ட வாணாம். நம்ம கஷ்டம் நமக்குத்தான் தெரியும். ஒவ்வொருத்தியும் மனசு வுட்டு சொல்லுங்க. யாருக்கு இந்த வேலை ரொம்ப அவசியமோ அவங்க சொல்லட்டும்."

பெண்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருத்திக்குப் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஒருத்தியின் மாமியார் படுக்கையில் கிடக்கிறாள். ஒவ்வொருத்தி சொல்லும்போதும் மேஸ்திரி தலையைச் சாய்த்துக் கேட்டார். "ஐயோ", "அப்படியா கண்ணு" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் கஷ்டங்களுக்குள் போட்டி நடந்துகொண்டிருந்தது. யார் ஜெயித்தார்கள் என்பது முந்தின நாளே சூப்பர்வைசர் கைக்குப் போய்விட்டது.

கன்னியம்மாவின் முறை வந்தது. அவள் ஒன்றும் சொல்லமாட்டாள் என்று நினைத்தேன். சொல்லக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

"சொல்லும்மா. உள்ள வெச்சிக்காத" என்றார் மேஸ்திரி. கை அவள் முழங்கையில் இருந்தது.

கன்னியம்மா கூழ்ச் சொம்பைக் கீழே வைத்தாள். "அவரு பெங்களூர்ல இல்லக்கா" என்றாள். "திண்டிவனத்துல வேற ஒருத்திகூட இருக்காரு. மூணு வருஷம் ஆவுது. நான்தான் பெங்களூர்னு சொல்லினு இருக்கேன்."



"பொண்ண கட்டிக் குடுத்தனே, அவளையும் அனுப்பிட்டாங்க. விருந்துக்கு வந்திருக்கான்னு சொன்னது பொய்யி. வூட்டுலதான் இருக்குறா. அவளுக்கும் சேத்து நான்தான் சோறு போடறேன்." அவள் குரல் ஒரே மாதிரி இருந்தது, யாருடைய கதையையோ சொல்வதுபோல. "லாரி இடிச்சதுலருந்து எனக்குப் பாரம் தூக்கினா தண்ணி நிக்காம போயிடுதுக்கா. உள்ளுக்குத் துணி வெச்சிக்கினுதான் வர்றேன். அதனாலதான் ஒரு நடை கொறையுது. சோம்பேறித்தனம் இல்ல. துணி மாத்தப் போறேன். அது உங்களுக்குத் தெரியணும். நான் வேலைய ஏமாத்தல. வேலைய வுட்டு எடுத்துடாதீங்க."

தெருவில் யாருக்கும் தெரியாததை, சொந்த அண்ணனுக்கே தெரியாததை, பதினெட்டுப் பேர் நடுவில் சொன்னாள். சொன்னால் பலன் இருக்கும் என்று நம்பினாள். கேட்கிறார்கள் என்றால் கேட்பதற்காகத்தானே கேட்பார்கள் என்று நம்பினாள்.

மேஸ்திரியின் கண்ணில் நீர் நின்றது. அது நடிப்பு இல்லை. இன்றைக்கும் சொல்வேன், நடிப்பு இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்:

"அதாவது, நீ இன்னா சொல்ல வர்றேன்னா, உன் உடம்புக்கு இனிமே இந்த வேலை ஆகாது. அதானேம்மா?"

கன்னியம்மா வாயைத் திறந்தாள். 

நான் எழுந்து நின்றுவிட்டேன். "அக்கா, பேரு நேத்தே எழுதியாச்சு. என் கையாலதான் எழுதினேன். சூப்பர்வைசர்கிட்டயும் குடுத்தாச்சு. எதுக்குக்கா இவங்கள இதெல்லாம் சொல்ல வெக்கிறீங்க?"

என்னை யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள். மேஸ்திரி என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை, ஏதோ வலி வந்ததுபோல இருந்தது.

"அது ஒரு குறிப்பும்மா. நான்தான் சொன்னனே."

"அப்போ அடிச்ச பேர மறுபடி எழுதலாமா?"

அவர் எல்லோரையும் சுற்றிப் பார்த்தார். "சரி. ஒளிவு மறைவு வாணாம். நேத்து எழுதின பேரையே நீ சொல்லு. சரின்னு படறவங்க கைய தூக்கட்டும். நெறைய பேருக்குப் புடிக்கலன்னா மாத்திடலாம். எல்லாரும் இன்னா சொல்றீங்க?"

எனக்குப் பன்னிரண்டு பெயரும் மனப்பாடமாக இருந்தது. சொன்னேன். சொல்லச் சொல்லத்தான் நான் என்ன செய்கிறேன் என்பது எனக்கே புரிந்தது. பெயர் வந்தவர்களின் தோள்கள் இறங்கின. முந்தின நாள் என் மூச்சு லேசானதே, அதேபோல. கடைசிப் பெயரைச் சொல்லி முடித்ததும் கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. மாமியார் படுக்கையில் கிடப்பவளின் கை. எனக்குக் கூடை தூக்கிவிடும் பெண்ணின் கை. என்னைத் தவிரப் பதினொரு கை. பதினெட்டில் பதினொன்று.

"எல்லாரும் சேந்து எடுத்த முடிவு" என்றார் மேஸ்திரி. குரல் உயரவில்லை.

கன்னியம்மா சொம்பைக் கையில் எடுத்தாள். மீதியிருந்த கூழைக் கீழே ஊற்றினாள். "என் பேரு இல்லன்னு நேத்தே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் வாயத் தொறந்திருக்க மாட்டேனேக்கா" என்றாள். சொல்லிவிட்டு அவள் பார்த்தது மேஸ்திரியை அல்ல. என்னை.

சத்தமாகத் திட்டியிருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால், நான் தாங்கியிருப்பேன். அவள் சும்மாட்டுத் துணியை உதறி மடித்து எடுத்துக்கொண்டு வரப்பு மேல் நடந்து போனாள். பின்னாலேயே மற்ற ஐந்து பேரும் போனார்கள். நாங்கள் பன்னிரண்டு பேர் எழுந்து கூடையைத் தூக்கினோம். ஆமாம், நானும்தான். அன்றைக்கு வேலையை விட்டு வந்துவிட்டேன் என்று எழுத எனக்கும் ஆசை. வீட்டில் அப்பா படுத்திருந்தார். அந்த வருடம் முழுக்கச் சுமந்தேன். ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு வட்டமாக உட்கார்ந்தோம். அவர் என்னையும் கேட்டார். நான் "தெரியல" என்று மட்டும் சொல்வேன்.

கன்னியம்மா போன அந்த வாரத்திலேயே ஒருநாள் மேஸ்திரி வரப்பில் என் பின்னால் வந்து நின்றார். "உனக்கு என் மேல கோவம்" என்றார். நான் தலையில் இருந்த கூடையைச் சரிசெய்துகொண்டேன்.

"எங்க ரெண்டாவது பொண்ணு வயித்துல இருந்தப்போ அந்தப் பழைய மேஸ்திரி என்ன நிறுத்தினான்டி. வரப்பு மேல நின்னுக்கினு, 'நீ நாளையிலருந்து வராத'ன்னான். ஏன், எதுக்கு, ஒரு வார்த்த இல்ல. நாய வெரட்டற மாதிரி. அன்னிக்கே நெனச்சேன், என் கையில வந்தா ஒருத்தியையும் கேக்காம அனுப்ப மாட்டேன்னு. பன்னெண்டு பேருன்னு சொன்னது முதலாளி. நான் இன்னா பண்ணுவேன்? கேட்டுதானே அனுப்பினேன்?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதனாலேயே எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. கன்னியம்மாவைக் கேட்காமல் அனுப்பியிருந்தால் அவள் வேலையை மட்டும் இழந்திருப்பாள்.

அவள் சொன்னதெல்லாம் அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. குழாயடியில் அவள் மகளைப் பார்த்துக் கேட்டார்கள். துணி விஷயத்தைச் சொல்லி ஆண்கள் சிரித்ததையும் நான் கேட்டேன். பங்குனியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு, தாயும் மகளும் கீழ்புத்துப்பட்டில் இருந்த தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஐப்பசியில் உப்பள வேலை நின்றதும் ஒருநாள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். சவுக்கு நாற்று வளர்க்கும் ஒரு தோட்டத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. பிளாஸ்டிக் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொடுத்தாள்.

"இங்க எப்படி அத்தை?"

"இங்க இருக்கறவன் வாயி நாறும். காலையிலருந்து திட்டிக்கினே இருப்பான். நாளைக்கு வராதன்னா வராத, வான்னா வா. என்ன எதையும் கேக்க மாட்டான்." பையைத் தட்டி மண்ணை இறுக்கினாள். "நிம்மதியா இருக்குது."

சாப்பிட்டுவிட்டுப் போ என்று அவள் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. நான் சொல்ல வந்ததைச் சொல்லாமலேயே பஸ் ஏறினேன். எழுதினபோதே அவளிடம் சொல்லாதது யார்? நான் எழுந்து நின்று பேசியதைப் பலபேர் தைரியம் என்றார்கள். ஒருநாள் தாமதமாக வந்த தைரியம் அது. அவள் வாசலில் கருவாடு காயவைத்தபோது வந்திருக்க வேண்டும்.

அதன் பிறகு நான் உப்பளத்துக்குப் போகவில்லை. தையல் கற்று, புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் சேர்ந்து, கல்யாணமாகி, இன்றைக்கு என் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். மேஸ்திரியை மறுபடி பார்த்தது சில வருடங்களுக்கு முன்னால்தான். புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிப் பிரிவு. என் மாமியாருக்காக நான் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் இருந்த வயதான பெண்மணி என்னையே பார்த்தார். உடம்பு பாதியாகியிருந்தது. கண்புரை. எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து முழங்கையைத் தொட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. கையை விலக்கிக்கொள்ளத் தோன்றியது. அவர் வயதை நினைத்து விலக்கவில்லை.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். தன் பெண்களைப் பற்றிச் சொன்னார். 

"அந்தக் கன்னியம்மா செத்துப்போயிட்டாளாமே" என்றார்.

"ஆமாக்கா. மூணு வருஷம் ஆச்சு."

"அன்னிக்கி நான் இன்னா பண்ணியிருக்கணும்? நீ சொல்லு. படிச்சவ நீ."

முதல்தடவையாக, கேட்டுவிட்டு அவர் காத்திருந்தார். "அதாவது" வரவில்லை. இத்தனை வருடம் பாத்திரம் கழுவும்போதும், மெஷினில் உட்கார்ந்திருக்கும்போதும், பஸ் ஜன்னலோரத்திலும் நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதில் என்னிடம் இருந்தது.

"சொல்லியிருக்கணும்க்கா. பன்னெண்டு பேருன்னு முதலாளி சொல்லிட்டாரு, பேர எடுத்தது நான், இன்ன காரணத்துக்காக எடுத்தேன், திட்டறதா இருந்தா என்ன திட்டுங்கன்னு சொல்லியிருக்கணும். அவ்ளோதான்."

"எல்லாருக்கும் என் மேல கோவம் வந்திருக்குமே."

"வந்திருக்கும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தார். "அத மட்டும் என்னால தாங்க முடியாதுடி" என்றார். "யாராவது மூஞ்சிய திருப்பிக்கினா எனக்கு ராத்திரி சோறு எறங்காது. சின்ன வயசுலருந்தே அப்படித்தான்."

அவ்வளவுதான். அதற்காகத்தான் மூன்று வருடம் வட்டமாக உட்கார்ந்தோம். தன் மேல் யாரும் கோபப்படாமல் இருப்பதற்காக எங்கள் பதினெட்டுப் பேர் வாயையும் திறக்கவைத்தார். ஒருத்தியின் மானத்தைக் கொட்டகைத் தரையில் கொட்டவைத்தார். பரவாயில்லக்கா, போனது போகட்டும் என்று சொல்ல எனக்கு வாய்வரை வந்தது. வயதானவர், கண் மங்கியவர், தனியாக வந்திருக்கிறார். அதைச் சொன்னால் அவர் நிம்மதியாகத் தூங்குவார் என்பதும் தெரிந்தது.

"நான் இன்னும் கோவமாத்தான்க்கா இருக்கேன்" என்றேன்.

அவர் மூடிய கண்ணோடு கேட்டுக்கொண்டிருந்தார். சமாதானம் சொல்ல ஆரம்பிப்பார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. முழங்கையிலிருந்து கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே ஒரு டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். அவருடையது இல்லை, என்னுடையதும் இல்லை. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.